விசிலடிச்சான் குஞ்சுகளும் ஒரு ரசிகையும்

ரசிகர் என்ற சொல்லுக்கு ஊர்ப்பக்கம் ஒரு அர்த்தமும் சேரிப்பக்கம் ஒரு அர்த்தமும் இருக்கிறது. மயிலாப்பூர் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர் ரசிகர். ஆலாபனை தொடங்கியதும் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார், 'சபாஷ்' என்பார், பாதியில் எழுந்து போய் கேண்டீனில் காபி குடித்துவிட்டு வருவார். அவருக்குப் பெயர் ரசிகர். வியாசர்பாடியில் மேடைக்கு முன்னால் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடுகிறவனுக்குப் பெயர் விசிலடிச்சான் குஞ்சு. பிடித்த குரல் காதில் விழுந்ததும் இரண்டு பேருக்கும் உடம்பு அசைகிறது, அவ்வளவுதான் நடப்பது. ஒருத்தர் அசைத்தால் ஞானம், இன்னொருத்தன் அசைத்தால் காலித்தனம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்ப்பனர்கள் மட்டும் செய்துவிடவில்லை. நம்முடைய முற்போக்குத் தோழர்களுக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு. ரசிகன் என்றால் ஏமாந்தவன், ரசிகர் மன்றம் என்றால் போதைக் கூடாரம், அரசியல் வகுப்பு நடத்தி அவனைத் தெளிய வைக்க வேண்டும் என்பது கட்சி பேதமில்லாமல் எல்லா மேடையிலும் கேட்ட பேச்சு. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' புத்தகம், ஏழைகள் ஏன் தங்களுக்கு நன்மை செய்யாத ஓர் ஆட்சியை நேசித்தார்கள் என்ற கேள்வியைக் கவலையோடு கேட்ட புத்தகம். அதைப் பாதி படித்தவர்களும் படிக்காதவர்களும் சேர்ந்து சேரிக்காரனைத் திட்டுவதற்கான இன்னொரு குச்சியாக அதை மாற்றிக்கொண்டார்கள். கேட்கிறவனுக்கு மூளை கிடையாது என்று சபாக்காரன் சொன்னதையேதான் இவர்களும் வேறு பாஷையில் சொன்னார்கள்.

சரி, விசிலடிச்சான் குஞ்சாவது ஆம்பளை. இதில் பொம்பளை எங்கே இருக்கிறாள்? 'ரசிகை' என்ற சொல் நம் தெருக்களில் புழங்கி நான் கேட்டதில்லை. வாரப் பத்திரிகையில் நடிகருக்குக் கடிதம் எழுதும் கல்லூரிப் பெண் ரசிகை. சபாவில் பட்டுப்புடவை கட்டி வருகிற மாமி ரசிகை. நம் தெருவில் ரேடியோ கேட்டுக்கொண்டே மாவரைக்கிறவளை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எம்.ஏ. தமிழில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பாடமாகப் படித்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. உள்ளத்தில் உள்ளது உடம்பில் தெரிவதுதான் மெய்ப்பாடு. உடம்பைப் பற்றிய இத்தனை நுட்பமான ஒரு சாத்திரத்தை வைத்துக்கொண்டு, சாவு மோளம் கேட்டால் தானாக ஆடுகிற உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அந்த வகுப்பை முடித்தார்கள். பாணர் வருவார், விறலி வருவாள், யாழ் வரும், முழவு வரும். கேட்கிறவன் மட்டும் எப்போதும் அரசனாகவே இருப்பான். பாணன் தன் தெருவுக்குத் திரும்பி வந்து யாருக்குப் பாடினான், அதைக் கேட்ட பெண்கள் என்ன சொன்னார்கள் என்று நானும் கேட்கவில்லை, பாடத்திட்டத்திலும் அப்படி ஒரு கேள்வி இல்லை.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் ஒரு பாடகியின் ரசிகை. ராயபுரத்திலிருந்து வந்த கானா பாடகி இசைவாணியின் ரசிகை. இயக்கத்தில் இருக்கிறவள், கட்டுரை எழுதுகிறவள், முப்பதைத் தாண்டியவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக் எல்லாம் கலந்தது. அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன்னால் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயரை எடுத்திருந்தார்கள். பத்தொன்பது பேர். அதில் பெண் ஒரே ஒருத்தி.

போவது என்று முடிவு பண்ணியதும் முதல் சிக்கல் பஸ். போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஜனவரி 4 சாயங்காலத்திலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள் (அது 11-ஆம் தேதிவரை நடந்தது. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. அதற்காக நடப்பதில் எனக்கு வருத்தமில்லை). மெட்ரோ ரயில் அப்போது நேரு பூங்காவோடு நின்றுபோயிருந்தது, சென்ட்ரல் வரை வரவில்லை. நான் இருப்பது புளியந்தோப்பில். தனியாகப் போக யோசித்து, பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டிய மனுஷி. குப்பை அள்ளும் வேலை, காலையில் ஆறு மணிக்கு மஸ்டர்.

"அத்தே, கச்சேரிக்கு வரியா?"

"எவன் கச்சேரி?"

"கானா அத்தே. ஒரு பொண்ணும் பாடுதாம்."

"கானாவா? பொண்ணா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, சோத்துப் பானையை மூடி வைத்துக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்ற அவள் மவன் என்னைத்தான் முறைத்தான். "இன்னாக்கா, வயசான பொம்பளைய ராத்திரில இட்டுனு போற?"

'ராத்திரில' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் பேசினாலே ஒரு கட்டுரைக்கு ஆகும். நம் பெண்களுக்கு ராத்திரி வெளியே இருப்பது ஒன்றும் புதிதில்லை. சாவு வீட்டில் விடிய விடிய இருப்பார்கள். பிரசவ ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்துக் கிடப்பார்கள். கல்யாண மண்டபத்தில் நடுராத்திரிவரை பாத்திரம் கழுவிவிட்டு நடந்தே வீட்டுக்கு வருவார்கள். விடிவதற்கு முன்னால் தெருவைக் கூட்ட விளக்குமாறோடு நிற்பார்கள். இந்த ராத்திரிகளில் எவனும் 'பொம்பளைக்கு ராத்திரில என்ன வேலை' என்று கேட்டதில்லை. சந்தோஷத்துக்காக ஒரு ராத்திரி வெளியே போகிறேன் என்று சொல்லும்போதுதான் வயசு ஞாபகம் வருகிறது, மானம் ஞாபகம் வருகிறது, பஸ் இல்லாதது ஞாபகம் வருகிறது. கலாச்சாரக் காவல் ஊர்த்தெருவில் மட்டும் இருப்பதாக நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் தெருமுனையிலும் அதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறோம்.

மைதானம் நிரம்பியிருந்தது. மேடையில் கோட்டு சூட்டுப் போட்டு நின்றார்கள். இதைப் பார்த்து, கானாவுக்கு எதுக்கு கோட்டு என்று பின்னால் கிண்டலடித்தவர்கள் உண்டு. லுங்கி கட்டிக் கழுத்தில் கர்சீப் போட்டு வந்தால்தான் இவர்களுக்குக் கானா. சினிமா பழக்கிவிட்ட வேஷம் அது. தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் கானா படங்களுக்குள் வந்தபோது, 1996-இல் வந்த 'காதல் கோட்டை' மாதிரிப் படங்கள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கக் கானா தெரிந்தது. அது நல்லதுதான். ஆனால் பாட்டோடு பாட்டுக்காரனுக்கு ஒரு சீருடையும் சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்கள். வேலை வெட்டி இல்லாதவன், குடிப்பவன், நெஞ்சில் ஈரமுள்ளவன். அம்பேத்கர் கோட்டு போட்டதற்கு எரிச்சல்பட்டவர்களும் கானாக்காரன் கோட்டு போட்டதற்குச் சிரித்தவர்களும் ஒரே நோயில் படுத்தவர்கள். அத்தைக்கு இந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "மாப்ள மாரி கீறானுங்க" என்றாள்.

பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாமே பிடித்தது என்று சொன்னால் அது பொய். மின் கிட்டார் ஏறுகிற இடங்களில் கட்ட மோளம் அமுங்கிப்போனது. சாவு ஊர்வலத்தில் பத்து தெரு தள்ளிக் கேட்கிற வாத்தியம், ஒலிபெருக்கி வைத்த மேடையில் பக்கத்து வாத்தியத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ஒலி அமைப்பவர்கள் பழகிய காது வேறு, தோல் வாத்தியத்தை எவ்வளவு தூக்கிவைக்க வேண்டும் என்று அந்தக் காதுக்குப் பயிற்சி இல்லை. இதைச் சின்னத் தொழில்நுட்பக் குறை என்று நான் நினைக்கவில்லை. தோலுக்கு மேடையில் எந்த இடம் என்பது இந்த நாட்டில் எப்போதும் சாதிக் கேள்விதான். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை 2020-இல் எழுதினார். மாட்டுத்தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை, அந்தத் தோலைப் பதம் பண்ணுகிறவர்களில் தலித் கிறித்தவர்கள் நிறையப் பேர் என்பது அதில் விரிவாக இருக்கிறது. அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. தோல் உள்ளே வரலாம், தோலைப் பற்றிய பேச்சு வரக்கூடாது. கீழ்ப்பாக்கத்தில் நிலைமை தலைகீழ். பேச்சு தாராளமாக வந்தது, தோலின் சத்தம் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம்.

இன்னொன்று. கானாவில் காதல் தோல்விப் பாட்டு என்று ஒரு பெரிய மூட்டை இருக்கிறது. ஏமாத்திட்டுப் போனவள், பணக்காரனைத் தேடிப் போனவள், அவளால் குடிகாரன் ஆனவன். ஆம்பளை அழுவதற்கு ஒரு பாட்டு இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவன் அழுவதற்கு ஒவ்வொரு தடவையும் ஒருத்தியைத் தேவடியா ஆக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பிரச்சினை. தலித் கலை, எதிர்க் கலாச்சாரம், கலகம் என்று கொண்டாடி எழுதுகிறவர்கள் இந்த மூட்டையைப் பிரிக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள். அது நம் வீட்டு அழுக்கு. நாம்தான் பிரித்துத் துவைக்க வேண்டும்.

அந்த மேடையில் இசைவாணி வந்து மைக்கைப் பிடித்தபோது முதலில் மாறியது இதுதான். அதுவரை 'நீ' என்று பாட்டில் விரல் நீட்டப்பட்டவள் இப்போது 'நான்' என்று நிற்கிறாள். பாட்டு எதைப் பற்றியது என்பதுகூட அந்த நொடியில் இரண்டாம்பட்சம். இலக்கணத்தில் முன்னிலை தன்மையாக மாறுவது சின்ன விஷயம். கானாவில் அப்படி மாற இத்தனை காலம் ஆகியிருக்கிறது. கனமான குரல். குழைவதில்லை. சினிமாவில் பெண் குரல் என்றால் எவ்வளவு மெல்லிசாக இழைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்குக்குள் வராத குரல். மெட்ராஸ் பாஷையை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உச்சரிக்கவில்லை. தெருக்குழாயில் குடம் வைக்கும்போது எந்தத் தொண்டையில் பேசுவோமோ அந்தத் தொண்டையிலேயே பாடினாள்.

பக்கத்தில் காது கிழிகிற மாதிரி ஒரு விசில். திரும்பிப் பார்த்தால் அத்தை. இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் கொடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிக்கிறாள். முன்னால் நின்ற பசங்க நாலு பேர் மிரண்டு வழிவிட்டார்கள். "எங்க அத்தே கத்துக்கின?" என்று கேட்டேன். "சின்ன வயசுல. கல்யாணம் ஆனப்புறம் அடிக்கல" என்றாள்.

நான் படித்த எந்தத் திறனாய்வு நூலிலும் இசையைப் பற்றி இதைவிடப் பொருத்தமான கருத்து எனக்கு நினைவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்த ஒரு சத்தத்தை ஒரு குரல் வெளியே வரவழைக்கிறது என்றால் அந்தக் குரலைப் பற்றி அதற்குமேல் என்ன தகவல் வேண்டும்?

நிகழ்ச்சி முடிந்து சேத்துப்பட்டு ஸ்டேஷன்வரை நடந்தோம். எங்களோடு நிறையப் பேர் நடந்தார்கள். பெண்களும் கொஞ்சம் பேர். பீச் வண்டி பிடித்து பார்க்கில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வேலைநிறுத்தத்தைச் சாக்கிட்டு இரட்டைக் கூலி கேட்டான். அத்தை அவனிடம் பேரம் பேசி முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே சொன்னாள்: "சாவு வூட்ல நாங்க உள்ள அழுவோம். வெளிய பந்தல்ல அவனுங்க பாடுவானுங்க. அந்தப் பொண்ணு உள்ளேர்ந்து எழுந்து வந்து பந்தல்ல குந்திகினா பாரு."

இந்த வாக்கியத்தை நான் அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். கானாவின் வேர்களில் ஒன்று மரணக் கானா. வடசென்னையில் ஒரு சாவு விழுந்தால் ராத்திரி முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து, செத்தவரைப் பற்றியும் சாவைப் பற்றியும் பாடுவார்கள். டோலக்கும் சட்டியும் டேப்பும் இருந்தால் சரி, இல்லாவிட்டால் பெஞ்சைத் தட்டிப் பாடுவார்கள். அதே வீட்டுக்குள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி சொல்வார்கள். ஒரே சாவு, ஒரே ராத்திரி, நடுவில் ஒரு நிலைப்படி. அந்தப் பக்கம் இருந்தது கானா என்று ஆகி, மேடைக்கு வந்து, சினிமாவுக்குப் போய், யாருடைய பாட்டு என்று பெயர் சொல்லப்படும் கலை ஆனது. இந்தப் பக்கம் இருந்தது நாட்டுப்புறவியல் ஆய்வாளரின் டேப்ரெக்கார்டருக்குள் போய், பெயரில்லாத 'ஒப்பாரிப் பாடல்கள்' என்று தொகுப்பாக வந்தது. கானாக்காரனுக்கு ரசிகன் உண்டு. ஒப்பாரிக்காரிக்கு ரசிகர் உண்டா? சாவில் எப்படி ரசிப்பது என்பீர்கள். பந்தலில் மட்டும் எப்படி ரசித்தார்கள்? நல்லா ஒப்பாரி சொல்கிறவளைத் தேடி ஆள் அனுப்பிக் கூட்டிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் வந்தால் அழுகை நின்று எல்லோரும் கேட்பார்கள். ரசனை இருந்தது, அதற்குப் பெயர் வைக்கவில்லை. இசைவாணி சில இடங்களில் வரியின் கடைசியை விடாமல் இழுக்கும்போது எனக்கு அந்த உள்வீட்டுக் குரல் கேட்கிறது. இது என் காது. வேறு காதுக்கு வேறு கேட்கலாம்.

மேடைக்கு வந்ததால் கானா கெட்டுவிட்டது என்று ஒரு புலம்பல் இருக்கிறது. விளக்கு போட்டு, மைக் வைத்து, கிட்டார் சேர்த்துத் தெருவின் உயிரை எடுத்துவிட்டார்களாம். இதைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எந்தச் சாவுப் பந்தலிலும் விடியும்வரை உட்காராதவர்கள். தெருவிலேயே இரு, அசலாக இரு, நாங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்பது அன்பு மாதிரித் தெரியும், அது சேரிக்கு வெளியே வராதே என்பதுதான். பெண்ணைப் பொறுத்தவரை இது இன்னும் தெளிவு. தெருக் கானாவில் அவளுக்கு இடமே கிடையாது. மேடை வந்ததால்தான் அவள் வந்தாள். 'அசல்' போனதற்காக நான் ஏன் அழ வேண்டும்?

ஆனால் மேடை வேறு கணக்குகளையும் கொண்டுவருகிறது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. நல்ல விதிதான், படிக்கிற பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் தேவையானது. வருஷத்தில் பதினைந்து நாளைக்கு மிகாமல், பண்பாட்டு அல்லது மத விழாக்களுக்காக நடுராத்திரிவரை அரசு விலக்கு தரலாம் என்றும் அதில் இருக்கிறது. அந்தப் பதினைந்து நாள் யார் யாருக்குப் போகிறது என்று உங்கள் பகுதியில் கேட்டுப் பாருங்கள். அம்மன் கோயில் திருவிழாவில் பன்னிரண்டு தாண்டியும் கச்சேரி நடக்கும், போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அம்பேத்கர் பிறந்தநாள் மேடையில் ஒன்பதே முக்காலுக்கு வந்து வாட்சைக் காட்டுவார். மூடிய அரங்கத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமியிலிருந்து இன்றைய சபாக்கள்வரை மார்கழி முழுக்கக் குளிர்சாதன அரங்கங்களில் கச்சேரி நடக்கிறது. அதே மார்கழியில் 2020-இலிருந்து நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' நடத்தத் தொடங்கியது. அடுத்த வருஷம் மதுரை, கோவை என்றும் போனது. மாதத்தைப் பிடித்துவிட்டோம், நல்லது. ராத்திரியைப் பிடிக்க இன்னும் பாக்கி இருக்கிறது.

2020-இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணியின் பெயர் வந்தது. அடுத்த வருஷம் பிக் பாஸ் வீட்டுக்குள் போனாள். தோழர்கள் முகம் சுளித்தார்கள். டி.வி.யில் தெரிந்த முகத்தைப் பார்க்கும் சந்தோஷம் எங்கள் தெருவுக்கு இருந்தது, சுளித்தவர்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். 2018-இல் அந்தக் குழுவோடு அவள் பாடிய பாட்டு 'ஐயாம் சாரி ஐயப்பா'. பெண்ணுக்குக் கோயில் நுழைவு ஏன் மறுக்கப்படுகிறது என்று கேட்கிற பாட்டு. எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் அதே வருஷம் செப்டம்பர் 28-இல்தான். ஆறு வருஷம் பாட்டு தன் பாட்டுக்கு இருந்தது. 2024 நவம்பரில், ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் நேரமாகப் பார்த்து அதைத் தோண்டி எடுத்தார்கள். புகார், கைது செய் என்ற கூச்சல், ஆபாச வசை, மிரட்டல். எழுதியவர்கள் உண்டு, இசையமைத்தவர்கள் உண்டு, மேடையில் பத்தொன்பது பேர் உண்டு. குறி வைத்தது பாடிய பெண்ணை. அவள் உடம்பைப் பேசினார்கள், சாதியைப் பேசினார்கள், மதம் என்ன என்று தோண்டினார்கள். நீலம் பண்பாட்டு மையம் அவளுக்கு ஆதரவாக அறிக்கை விட்டது. இன்னும் சில அமைப்புகளும் பேசின.

அந்த வாரம் ஒரு கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் (பெயர் வேண்டாம், நல்ல மனுஷர்) என்னிடம் கேட்டார்: "அந்தப் பாட்டு தேவைதானாம்மா? கானாவுல பாட விஷயமா இல்ல? சனங்க மனசு புண்படுதுல்ல?" காதல் தோல்விப் பாட்டில் வருஷக்கணக்காகப் பெண்களைத் திட்டியபோது எந்தச் சனங்க மனசு புண்பட்டது என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டார். அவர் கேட்டதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பாட்டு வேண்டும், பாட்டின் விலையைப் பாடினவர் கொடுத்துக்கொள்ள வேண்டும். 2021-இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் பூரா ஓடியது. எழுதிப் பாடிய அறிவு இதே குழுவில் வளர்ந்தவர். அந்த ஆகஸ்ட் மாதம் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு இருந்தது, அவர் இல்லை. காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்தது, பாட்டு உள்ளே, ஆள் வெளியே. அங்கே பாட்டை வைத்துக்கொண்டு ஆளை விட்டார்கள். இங்கே பாட்டை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் ரசித்தவர்கள் இருந்தார்கள்.

எம்.ஜி.ஆருக்கு ஒன்று என்றால் தீக்குளித்தவன் இருந்தான். அது வேண்டாம். நடிகரைத் தப்பாகப் பேசினால் தியேட்டர் திரையைக் கிழிக்கிறவன் இருக்கிறான். அதுவும் வேண்டாம். ஆனால் அந்த மன்றத்துக்காரனிடம் ஒன்று இருக்கிறது. தன் ஆளுக்கு ஒன்று என்றால் அது தனக்கு நடந்ததாக அவன் எடுத்துக்கொள்கிறான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிறான். நாம் அவனை ஏமாளி என்று எழுதிவிட்டு, நமக்குப் பிடித்த பாடகிக்கு ஒன்று என்றதும் 'கருத்துச் சுதந்திரம்' என்று பத்து வரி அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். கானா பாடகிக்கு ரசிகர் மன்றம் இல்லை. நகர்ப்புறச் சேரிகளில் அப்படி ஒன்று, அதுவும் பெண்கள் நடத்துவதாக, ஏன் இருக்கக்கூடாது என்று நான் அந்தக் கூட்டத்திலேயே கேட்டேன். "ரசிகர் மன்றமா!" என்று அதிர்ந்துபோனார்கள். வாசகர் வட்டம் என்றிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

புளியந்தோப்பில் நாங்கள் ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். மூணு பேர் துப்புரவு வேலை, ரெண்டு பேர் எக்ஸ்போர்ட் கம்பெனி, ஒரு பிள்ளை காலேஜில் படிக்கிறாள், அப்புறம் நான். நிகழ்ச்சிக்குப் போவது, ராத்திரி ஒன்றாகத் திரும்புவது, தெருவில் நல்லா ஒப்பாரி சொல்கிற கிழவிகளின் பாட்டைப் பெயரோடு எழுதி வைப்பது, யாராவது பாடகியை மிரட்டினால் மறுநாள் காலையில் போய் நிற்பது. சந்தா மாசம் இருபது ரூபாய். மன்றத்துக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. 'விசில்' என்று வைக்கலாம் என்று காலேஜ் பிள்ளை சொல்கிறாள், தோழர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.